ஒரு கிளெய்ம்கூட இல்லாத மனிதர்

ஜனவரி 11

அன்புள்ள தம்பி,

உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்து உத்தியோகம் பார்த்தால் முதுகு என்ன செய்யும், பாவம். சாயங்காலமாவது கொஞ்சம் நட. இங்கே எனக்கும் உன் அத்தானுக்கும் உடம்பு பரவாயில்லை.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். மணி அடித்ததுமே அத்தான் ஓடிவந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அப்புறம் பேசுவதெல்லாம் அவர்தான். கடிதத்தையும் அவர்தான் படித்துப் பார்த்துத் தபாலில் சேர்க்கிறார். தபாலாபீஸ் தெருக்கோடியில் இருக்கிறது, அதற்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். ஆனாலும் எழுதி முடிக்கிற வரைக்கும் பேனா என் கையில்தானே இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். வேனுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. போன வருஷம் கட்டியதைப் போல ஒன்றரை மடங்கு. அத்தான் வீட்டை இரண்டாக்கிவிட்டார். “பம்ப் ரிப்பேர் பண்ணிச் சம்பாதிச்சதெல்லாம் இவனுங்களுக்கே கொட்டிக் கொடுக்கவா? இன்னொரு தடவை இப்படி ஏத்தினானுங்கன்னா வண்டியை வித்துட்டு வீட்ல உக்காந்துடுவேன், பாத்துக்கோ!” என்றார். “நல்லதாப் போச்சு, வித்துடுங்க” என்றேன். கத்திக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிரீமியத்தைக் குறைக்க அரசாங்கம் குழு போட்டிருக்கிறதாமே. டிவியில் பின்வரிசையில் உன் வழுக்கை தெரிந்தது. நாட்டுக்கு என்ன வேண்டுமோ செய். எங்களுக்கென்று தனியாக எதற்கும் அலையாதே. அவருக்கும் எழுபது ஆகிறது. வண்டி ஓட்டி இனி எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறார்?

அன்புடன்,
அக்கா

மாப்பிள்ளை, அத்தான் எழுதுகிறேன். உன் அக்கா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நன்றாக அலை! இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கிளெய்ம்கூட நான் போட்டதில்லை. ஒன்றுகூட! கண்டபடி ஓட்டுகிறவனுக்கும் எனக்கும் ஒரே ரேட்டா? இதை அங்கே நாலு பேர் இருக்கும்போது கேள்.


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

முதுகு அப்படியேதான் இருக்கிறது. நடக்கச் சொன்னாய், நடக்க நேரம் கொடுக்கிற மகராசன் யாரையாவது காட்டு.

குழுவைப் பற்றிக் கேட்டால் அழுகைதான் வரும். இதுவரை நடந்த கூட்டமெல்லாம் பழி போடுவதிலேயே போனது. பிரீமியம் ஏன் ஏறுகிறது என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் ஒர்க்‌ஷாப்பைக் கை காட்டுகிறார்கள். ஒர்க்‌ஷாப்காரர்கள் உதிரிபாகத்தின் விலையைச் சொல்கிறார்கள். உதிரிபாகக்காரர்கள் வரியைச் சொல்கிறார்கள். வரித்துறை சாலையில் இருக்கிற குழிகளைச் சொல்கிறது. சாலைத்துறை அதிகாரி எழுந்து, “குழி எல்லாம் பழசுதாங்க, ஓட்டறவங்கதான் புதுசு” என்றார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. கூட்டம் முடிந்தது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. மூத்த ஓட்டுநர்களுக்கான சலுகைப் பகுதியை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அறுபத்தைந்து தாண்டியவர்கள், இருபது வருஷம் கிளெய்ம் போடாதவர்கள், இவர்களுக்குப் பிரீமியம் பாதி. கூடவே வருஷம் ஒருமுறை கண் டாக்டர் சான்றிதழ் காட்ட வேண்டும். எழுதும்போது அத்தான் முகம்தான் கண்ணில் நின்றது. என் வாழ்க்கையில் முதல்முறையாக என் வேலையால் என் வீட்டில் ஒருவருக்குப் பிரயோஜனம்.

அக்கா, உன் கடிதம் ஏனோ கொஞ்சம் வெடுக்கென்று இருந்தது. உடம்பு சரிதானே?

உங்கள்,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பி,

உடம்புக்கெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் நலம், கேட் தூண் ஒன்றைத் தவிர. கொஞ்சநாளாக டிங்கர் அண்ணன் நம் வீட்டுக்கு அடிக்கடி வருகிறார். அவருக்கென்று தனியாக ஒரு டம்ளரே வைத்துவிட்டேன்.

நீ எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அந்தக் கண் டாக்டர் சான்றிதழ்தான். அதை மட்டும் விட்டுவிடாதே. மற்றதை யார் அடித்தாலும் அடிக்கட்டும், அந்த ஒரு வரி இருக்கட்டும். இன்னொரு தடவை சொல்கிறேன், அந்த ஒரு வரி.

தையல் வேலை நிறைய வந்து கிடக்கிறது. எதிர்வீட்டு நர்ஸ் தன் பெண்கள் இருவருக்கும் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு விடிகாலையிலேயே ட்யூட்டி. அதனால் தினமும் அத்தான்தான் அந்தக் குழந்தைகளை வேனில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார்.

அன்புடன்,
அக்கா

மாப்பிள்ளை, கேட் தூணைப் பற்றி உன் அக்கா பாதிதான் சொல்லியிருக்கிறாள். கட்டினவன் அதை ஒரு சாண் வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறான். இத்தனை வருஷமாக நான் பொறுத்துப் பொறுத்து ஓட்டியிருக்கிறேன். வண்டிக்கு ஒன்றுமில்லை, லேசான நசுங்கல்தான், டிங்கரே தட்டிக் கொடுத்துவிட்டார். இதற்கெல்லாம் கிளெய்ம் போடுகிறவன் மடையன்.

உன் திட்டம் பிரமாதம். ஆனால் அந்தக் கண் சான்றிதழ் எதற்கு? இந்த வயதில் கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்து சுவரில் இருக்கிற எழுத்தைப் படிக்க வேண்டுமா? இத்தனை வருஷம் மோதாமல் ஓட்டியிருக்கிறோமே, அதைவிடச் சான்றிதழ் வேண்டுமா? எனக்காக அதை மட்டும் எடுத்துவிடு.

(ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இது அக்கா.)


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் சுகமா? நான் சுகம். முதுகு வலிகூடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சந்தோஷத்தில் என்று நினைக்கிறேன்.

நம் திட்டம் பாஸ் ஆகிவிட்டது! பேப்பரில் பார்த்திருப்பீர்கள். குழு போட்ட நாளிலிருந்து நாடு முழுக்கக் கிளெய்ம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. விபத்து குறைந்துவிட்டது, மக்கள் பொறுப்பாக ஓட்டுகிறார்கள் என்று இணைச் செயலாளர் நிருபர்களிடம் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் என் தோளில் கை போட்டிருந்தார். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் போயிருக்கிறது என்றும் காதில் விழுந்தது. வெளியே சொல்லிவிடாதீர்கள்.

அத்தான், நீங்கள் கேட்டபடியே கண் சான்றிதழை எடுத்துவிட்டேன். நடைமுறையை எளிதாக்குகிறோம் என்று எழுதினேன். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. முன்மாதிரி ஓட்டுநர் அட்டை என்று ஒன்று கொடுக்கப் போகிறார்கள். முதல் அட்டையை மந்திரி கையால் வாங்கப் போகிறவர் யார் தெரியுமா? சிபாரிசு இல்லை, சத்தியமாக. உங்கள் ரெக்கார்டைப் பார்த்துவிட்டு அவர்களே எடுத்துக்கொண்டார்கள். விழா ஜூலைக் கடைசியில். கோட்டு தைக்கக் கொடுங்கள்!

உங்கள்,
தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

இதைத் தனியாக இருக்கும்போது படி. எதிர்வீட்டு நர்ஸ் வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்ப்பாள். பதிலையும் அவள் விலாசத்துக்கே எழுது. உன்னை நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாயே, பாவி!

உன் அத்தானுக்கு இடது பக்கம் கண் தெரியவில்லை. போன வருஷமே டாக்டர் சொல்லிவிட்டார், இடது பக்கம் வருகிற ஆள் உங்களுக்குத் தெரியமாட்டார், இனி வண்டியைத் தொடாதீர்கள் என்று. ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே, “அந்தாளுக்கு என்ன தெரியும், சின்னப் பையன்” என்று சொல்லிவிட்டு அதே வண்டியில் ஏறி என்னையும் கூட்டி வந்தார். வழி நெடுக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் கேட் தூண், பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய், மருந்துக்கடை வாசலில் நின்ற சைக்கிள். எல்லாம் இடது பக்கம். ஒவ்வொரு தடவையும் டிங்கர் அண்ணன் வந்து, தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறார். சைக்கிள்காரன் கையில் அத்தான் பணத்தைத் திணித்து வாயை அடைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம், வருஷம் முழுக்க.

நான் வாயைத் திறந்தால் போதும். “ஒரு கிளெய்ம் உண்டா? இருந்தா காட்டு! இன்சூரன்ஸ்காரனே வருஷா வருஷம் நன்றி சொல்லி எழுதறான், நீ யாரு சொல்றதுக்கு?” என்கிறார். என்னால் ஜெயிக்க முடியவில்லை. பிரீமியம் ஏறியபோது ஒருத்தரும் பார்க்காமல் சமையலறையில் நின்று சந்தோஷப்பட்டேன். இன்னும் ஒரு தடவை ஏறியிருந்தால் விற்றிருப்பார். ரோஷக்காரர், சொன்னதைச் செய்கிறவர். அதைத்தான் நீ பாதியாக்கிக் கொடுத்திருக்கிறாய். போதாததற்கு மந்திரி கையால் அட்டை வேறு. இனிமேல் அவரைப் பிடிக்க முடியுமா?

விபத்து குறைந்துவிட்டதாம்! கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கேடா போச்சு? டிங்கர் கடையில் வந்து பார். வண்டி நிறுத்த இடமில்லை. கிளெய்ம் போட்டால் பிரீமியம் ஏறும் என்று பயந்து ஊரே கைக்காசைப் போட்டு அங்கே வந்து நிற்கிறது. அதை எண்ணினார்களா உங்கள் குழுவில்?

எனக்குத் தூக்கம் போனது அந்த இரண்டு பெண்களால். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு “தாத்தா, ரெடி” என்று வந்து நிற்கிறார்கள். அவர்கள் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. புருஷனை எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? சொல்லாமல் எப்படி இருப்பேன்?

அந்தக் கண் சான்றிதழைத் திரும்பப் போடு. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

அக்கா


மே 19

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுத ரொம்பத் தாமதமாகிவிட்டது. இங்கே ஒரே வேலை.

உன் கடிதத்தைப் படித்தேன். பலமுறை படித்தேன். இணைச் செயலாளரிடமும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன், கண் பரிசோதனையைத் திரும்பச் சேர்க்கலாமா என்று. “ஏன்யா, நீயே எடுத்தே, நீயே போடச் சொல்றே? வயசானவங்களையெல்லாம் வரிசையில நிக்க வெச்சா நாளைக்கு எவன் ஓட்டுப் போடுவான்?” என்றார். டிங்கர் கடை விஷயத்தையும் சொன்னேன். அது புள்ளிவிவரத்தில் வராது என்றார். கோப்பு மேலே போய்விட்டது. என் கையில் ஒன்றுமில்லை.

நீ கொஞ்சம் பக்குவமாக எடுத்துச் சொன்னால் அத்தான் கேட்பார். நீ எப்போதும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுவாய், அவருக்கும் கோபம் வரும். விழா முடியட்டும். நானே நேரில் வந்து மெதுவாகப் பேசுகிறேன்.

தம்பி


ஜூன் 8

தம்பி,

நீ நலமா? நான் கேட்டருகே கால் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். தையல் மெஷினை மிதிக்க முடியாது, மற்றபடி ஒன்றுமில்லை. விழாவுக்கு வரமுடியாது. கவலைப்படாதே. வேலையைப் பார்.

அக்கா


ஜூன் 12

மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதிக்கொள்வது.

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் அப்படித்தான் இருப்பாய். உன் அக்கா எழுதியிருப்பாளே, கால் விஷயம். பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்கு, மருந்துக்கடைக்கு, எல்லாவற்றுக்கும் நம் வண்டிதான். இந்தக் காலத்தில் வீட்டில் ஒரு வண்டி இல்லாவிட்டால் என்ன கதி, சொல்லு?

நடந்ததைச் சொல்கிறேன். வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். உன் அக்கா வழக்கம்போலப் பின்னால் நின்று “வரலாம், வரலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று சத்தத்தைக் காணோம். டக்கென்று பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். “கால் வழுக்கிடுச்சுங்க” என்கிறாள். ஒரு மாசமாகச் சொட்டு மழை இல்லை, புழுதி பறக்கிறது. அந்தத் தரையில் எப்படித்தான் வழுக்கினாளோ! தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் மட்டும் அந்த நேரத்தில் பிரேக் போட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கே உடம்பு நடுங்குகிறது.

பின்னால் இடது மூலையில் புதிதாக ஒரு சின்ன நசுங்கல் இருக்கிறது. எங்கே பட்டதென்று தெரியவில்லை. விழாவுக்கு முன்னால் டிங்கரைக் கூப்பிட வேண்டும். டிவிக்காரர்கள் வண்டியையும் படம் எடுப்பார்களாமே?

கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டேன். வெளித் தையற்காரன்தான். உன் அக்கா இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே தைப்பது?

அன்புடன்,
அத்தான்


ஜூன் 17

அக்கா,

கால் எப்படி இருக்கிறது? நிஜமாகக் கேட்கிறேன், வழக்கத்துக்குக் கேட்கவில்லை.

அத்தான் எழுதிய கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். அப்புறம் அன்றைக்கு ஒரு கோப்பும் என்னால் பார்க்க முடியவில்லை. மழை இல்லை, புழுதி பறக்கிறது, இடது மூலையில் நசுங்கல் என்று அவரே எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, எங்கே பட்டதென்று தெரியவில்லை என்கிறார்.

அக்கா, நீ வழுக்கித்தான் விழுந்தாயா?

அந்த ஒரு வரியை எடுத்தது நான். நீ கெஞ்சி எழுதினாய், நான் ஒன்றரை மாசம் கழித்து, பக்குவமாகப் பேசு என்று உனக்கு உபதேசம் செய்தேன். என்னை நீ திட்டியாவது எழுதியிருக்கலாம். ‘வேலையைப் பார்’ என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் தாங்க முடியவில்லை.

தம்பி


ஜூன் 26

அன்புள்ள தம்பி,

உன்னைத் திட்டத் தெம்பு இல்லாமல்தான் திட்டவில்லை. கால் வலி குறைந்திருக்கிறது, ஆகவே இப்போது திட்டுகிறேன். முட்டாள். சரி, முடிந்தது.

வழுக்கவில்லை. நான் நின்றது இடது பக்கம். “நிறுத்துங்க” என்று கத்தினேன், அதற்குள் வந்துவிட்டது. இறங்கி வந்தவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. என் வாய் தானாக, வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. சொன்னதும் அந்த முகத்துக்கு உயிர் வந்தது. அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது?

அப்படியே விட்டிருப்பேன். போன திங்கட்கிழமை காலை நான் ஜன்னலோரம் கட்டிலில் கிடக்கிறேன். நர்ஸின் பெண்களில் சின்னவள் செருப்பு வாரை மாட்டக் குனிந்திருக்கிறாள், வேனுக்குப் பின்னால், அதே இடத்தில். அவர் எஞ்சினைப் போட்டுவிட்டார். எழுந்து ஓட முடியுமா எனக்கு? தெருவே கேட்கிற மாதிரி அலறினேன். எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

“என்னம்மா, என்ன ஆச்சு, வலிக்குதா?”

“நான் வழுக்கலை. நீங்க என்மேல வண்டியை ஏத்தினீங்க.”

கோபப்படுவார், வழக்கம்போல ரெக்கார்டைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெளியே போய் வண்டியின் இடது மூலையருகே நின்றார். சின்னவள் வந்து அவர் கையைப் பிடித்து, “தாத்தா, லேட்டாகுது” என்றாள். இருவரையும் நடத்தியே கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “எதுக்கு வழுக்கிச்சுன்னு சொன்னே?” என்று கேட்டார். “உங்க மூஞ்சியைப் பாத்தேன்” என்றேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் டிங்கர் அண்ணன் சுத்தியலோடு வந்தார். “இதைத் தட்ட வேணாம், இப்படியே இருக்கட்டும்” என்று அத்தான் அவரை அனுப்பிவிட்டார். பிறகு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய் என் பேரில் விபத்துக் கிளெய்ம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் சொல்லவில்லை, அவராகவே.

நர்ஸிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் காலைப் பார்த்துவிட்டுப் போகத் தினமும் வருவாள். அன்றிலிருந்து வரவில்லை. வராமல் இருக்கிறது அவள் நியாயம்.

அக்கா


ஜூலை 9

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

தாங்களும் அக்காவும் நலமா?

இது என்னை எழுதச் சொல்லி எழுதுகிற கடிதம். இணைச் செயலாளர் அறையிலிருந்து இப்போதுதான் வருகிறேன். தாங்கள் ஒரு கிளெய்ம் கொடுத்திருப்பதாக இன்சூரன்ஸ் நிறுவனம் அமைச்சகத்துக்குத் தெரிவித்திருக்கிறது. அதை அவர்கள் இன்னும் பதிவு செய்யவில்லை. வீட்டு வாசலுக்குள் நடந்தது, அடிபட்டவர் மனைவி, ஆகவே இதை விபத்தாகக் கருத வேண்டிய அவசியம் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். தாங்கள் எழுத்து மூலமாக வாபஸ் வாங்கினால் போதும், ரெக்கார்டு பழையபடி சுத்தமாக இருக்கும். அழைப்பிதழில் தங்கள் பெயர் அச்சாகிவிட்டது. வைத்தியச் செலவை வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லச் சொன்னார்.

வாபஸ் வாங்காவிட்டால் திட்டத்தையே கேலி செய்வார்கள், அதை எழுதியவன் என்ற முறையில் எனக்கும் நல்லதல்ல என்றார். அதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 15

மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா நேற்று ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை வந்தாள். எலும்பு கூட இன்னும் நாளாகுமாம். பழைய மாதிரி மெஷின் மிதிக்க முடியுமா என்று கேட்டேன், டாக்டர் பிடி கொடுத்துப் பேசவில்லை. உன் முதுகைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்கே போனேன். கவுன்டரில் ஒரு பெண் இருந்தது. நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசியது. “சார், எங்க ஆபீஸ்லயே உங்க ரெக்கார்டுதான் பெஸ்ட். இதைப் போய் எழுதிக் கெடுத்துக்காதீங்க. எல்லாரும் கையிலேருந்தே பாத்துக்கறாங்க சார்” என்றது. இத்தனை வருஷமாக நான் சொன்ன அதே பேச்சை அந்தப் பெண் எனக்கே திருப்பிச் சொல்கிறது. “பரவாயில்லம்மா, எழுதிக்கோ” என்றேன். மேனேஜரைக் கூப்பிட்டது. அவர் வந்து டீ வாங்கிக் கொடுத்தார். மந்திரி விழா, நாற்காலி, டிவி என்று என்னென்னமோ சொன்னார். கடைசியாக, “உங்க மனைவி கால் வழுக்கி விழுந்தாங்கன்னுதானே சார் ஆஸ்பத்திரியில எழுதியிருக்கு, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே” என்றார்.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது, மாப்பிள்ளை. “யோவ், அவ எனக்காகச் சொன்ன பொய் அது! அதை வெச்சு நீ எனக்கு மெடல் குத்தப் பாக்கிறியா?” என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்த டாக்டர் சின்னப் பையனிடமும் போனேன். சுவரில் இருக்கிற எழுத்தையெல்லாம் படித்தேன். பாதி தெரியவில்லை. லைசென்சை அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே கௌரவம் அதுதான், மாப்பிள்ளை. வைக்கும்போது அழுகை வந்தது, மறைக்கவில்லை.

இன்சூரன்ஸ்காரன் இன்றுவரை எழுதிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு நேற்றும் ஒரு கடிதம் வந்தது, விபத்தில்லா ஓட்டுநர் என்று என்னைப் பாராட்டி. உன் அக்கா படித்துக் காட்டினாள். படித்துவிட்டு அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

வாபஸ் வாங்க மாட்டேன். உனக்கு நல்லதல்ல என்று எழுதியிருக்கிறாய். தெரியும். உனக்குக் கெடுதல் வரவேண்டும் என்று நான் நினைப்பேனா? ஆனால் எழுதச் சொன்னதால் எழுதினேன் என்று சொல்கிறாயே, அப்படியானால் இப்போது நான் சொல்கிறேன், இதையும் எழுது. அங்கே பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிறவன் நம் வீட்டில் நீ ஒருத்தன்தான். உங்கள் கோப்பில், என் பெயருக்கு நேரே, எல்லோரும் படிக்கிற மாதிரி எழுது. உன் அக்காமேல் வண்டியை ஏற்றியது நான்.

அத்தான்